கோட்டைக் கொச்சிக்கு ஒரு குடும்பப் பயணம்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் இல்லங்கள்தோறும் எழும் பேச்சு ஒன்றுதான்: இந்த ஆண்டு பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது? மலைவாசத்தலங்களையும் பெருநகரங்களையும் பலர் பார்த்து முடித்துவிட்டனர். ஐரோப்பாவின் கடற்கரை நகரங்களைப் படங்களில் கண்டு ஏங்கும் பிள்ளைகளும் உண்டு. போர்த்துக்கல் நாட்டுக்குச் சென்று வர நம்மில் எத்தனை பேரால் இயலும்? ஆனால் போர்த்துக்கீசியர் தம் கையால் எழுப்பிய கடற்கரை நகரம் ஒன்று நமக்கு ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருக்கிறது. அதுவே கோட்டைக் கொச்சி. போர்ட் கொச்சி என்று கேட்டால்தான் நடத்துநர்களுக்கும் படகுத்துறையினருக்கும் எளிதில் விளங்கும்.

அங்கே எப்படிச் செல்வது, எதைப் பார்ப்பது என்பனவற்றோடு, எப்படி நடந்துகொள்வது என்பதையும் இம்மாதம் எழுதுகிறேன். காண்பதற்கு வழிகாட்டும் நூல்கள் பல. நடப்பதற்கு வழிகாட்டுவன சில. அதிலும் அந்நகரம் நம் முன்னோரின் கண்ணீரோடு தொடர்புடையது. ஆதலின் அங்கே செல்லும் முஸ்லிம் குடும்பம் சற்றே ஆயத்தத்துடன் செல்வது நல்லது.

ஊரின் வரலாறு

1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டின் அருகே கரையிறங்கினார். கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னருடன் போர்த்துக்கீசியருக்கு இணக்கம் ஏற்படவில்லை. 1500ஆம் ஆண்டின் இறுதியில் கப்ராலின் தலைமையில் வந்தவர்கள் கொச்சியை நாடினர். சாமூதிரியின் மேலாதிக்கத்திலிருந்து விடுபட விரும்பிய கொச்சி மன்னர் அவர்களுக்கு இடமளித்தார். 1503இல் அங்கே அவர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையே இந்திய மண்ணில் ஐரோப்பியர் எழுப்பிய முதல் கோட்டை. தம் அரசர் மனுவேலின் பெயரையே அதற்குச் சூட்டினர்.

1663இல் டச்சுக்காரர் அந்நகரைக் கைப்பற்றினர். பின்னாளில், 1741இல், எங்கள் குமரி மாவட்டத்துக் குளச்சலில் திருவிதாங்கூர்ப் படையிடம் தோற்றவர்களும் இதே டச்சுக்காரர்தாம். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். ஒருவர் கட்டியதை மற்றவர் இடித்தும் மாற்றியும் வந்தமையால், கோட்டையின் பெரும்பகுதி இன்று இல்லை. கடலோரத்தில் சில சுவர்த் துண்டுகளே எஞ்சியுள்ளன. எனினும் தெருக்களும், ஓட்டுக்கூரை வீடுகளும், தேவாலயங்களும், தூங்குமூஞ்சி மரங்கள் நிழல்செய்யும் அணிவகுப்புத் திடலும் பழைய நகரத்தின் அடையாளத்தைக் காத்து நிற்கின்றன.

எப்போது, எப்படிச் செல்வது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கடுமையாகப் பெய்யும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே ஏற்றவை. டிசம்பர் கடைசி வாரத்தில் அங்கே திருவிழா நடைபெறும். 31ஆம் தேதி நள்ளிரவில் பாப்பாஞ்ஞி எனப்படும் முதியவர் உருவப் பொம்மையை எரிப்பதைக் காணப் பெருங்கூட்டம் திரளும். கைக்குழந்தையுடனோ முதியோருடனோ செல்வோர் அந்த நாட்களைத் தவிர்ப்பது அறிவுடைமை.

வாரத்தின் எந்த நாள் என்பதும் கவனிக்கத்தக்கது. மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமை மூடப்படும். யூதர்களின் வழிபாட்டிடம் வெள்ளி, சனி இரு நாட்களும் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. ஞாயிறு காலை தேவாலயங்களில் வழிபாடு நடைபெறும். அருங்காட்சியகங்கள் பலவற்றுக்குத் திங்கள் விடுமுறை. ஆக, செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாட்களே எல்லாவற்றையும் தடையின்றிக் காண ஏற்றவை. வெள்ளிக்கிழமை அங்கே தங்க நேர்ந்தால் அதை ஜுமுஆவுக்கும் கடற்கரைக்கும் ஒதுக்கிக்கொள்ளலாம்.

எங்கள் திருவட்டாற்றுப் பக்கத்தார் குழித்துறை நிலையத்தில் ரயிலேறினால் ஏறக்குறைய 250 கிலோமீட்டர் பயணத்தில் எர்ணாகுளத்தை அடையலாம். பிற மாவட்டத்தார் தத்தம் ஊருக்கேற்ற ரயிலைத் தேர்க. எர்ணாகுளத்தில் சவுத் எனப்படும் சந்திப்பு, நார்த் எனப்படும் டவுன் என இரு நிலையங்கள் உண்டு. தம் ரயில் எதில் நிற்கும் என்பதைச் சீட்டு எடுக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். உறவினர் ஒரு நிலையத்தில் காத்திருக்க, குடும்பம் மற்றொன்றில் இறங்கித் தவிப்பது அடிக்கடி நிகழ்வது.

எர்ணாகுளத்திலிருந்து பேருந்திலும் செல்லலாம். ஆயினும் படகில் செல்வதே சிறப்பு. கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறைப் படகுகள் மிகக் குறைந்த கட்டணத்தில் காயலைக் கடந்து கொண்டுபோய் விடுகின்றன. 2023இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகுகளும் இப்போது உயர்நீதிமன்றத் துறையிலிருந்து கோட்டைக் கொச்சிக்குச் செல்கின்றன. அவை குளிரூட்டப்பட்டவை, கட்டணம் சற்றுக் கூடுதல். எதில் ஏறினும் வரிசையில் நின்று ஏறுக. இறங்குவோருக்கு முதலில் வழிவிடுக. ஓரக் கம்பியில் பிள்ளைகளைச் சாயவிடற்க. சில்லறை கையில் இருக்கட்டும். மாலையில் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே துறையில் கேட்டு வைத்துக்கொள்ளுதல் நலம்.

தங்குமிடத்தில்

கோட்டைக் கொச்சியில் பலர் தம் இல்லத்தின் சில அறைகளையே விருந்தினருக்கு வாடகைக்கு விடுகின்றனர். விடுதியில் தங்குவது வேறு, ஒருவர் வீட்டில் தங்குவது வேறு. வாடகை கொடுத்துவிட்டோம் என்பதனால் அவ்வீட்டின் அமைதி நமக்கு உரிமையாகிவிடாது. வாசலில் காலணியைக் கழற்றுக. இரவு நேரத்தில் உரத்த பேச்சும் கைப்பேசியின் ஒலியும் வேண்டா. ஒளுச் செய்த நீர் தரையெங்கும் தேங்காதபடி துடைத்துவிடுக. அவ்வீட்டார் பெரும்பாலும் கிறிஸ்தவர்களாக இருப்பர். சுவரில் அவர்கள் வணங்கும் படம் இருக்கக்கூடும். அதைக் கழற்றச் சொல்வது பண்பன்று. படமில்லாத அறை வேண்டுமெனில் முன்பதிவு செய்யும்போதே கேட்கலாம். காலை உணவில் இறைச்சி வேண்டாம், முட்டையும் மீனும் போதும் என்று முன்னரே சொல்லிவிட்டால் இருவருக்கும் சங்கடமில்லை.

வீட்டாரை அழைக்கும் முறையும் முக்கியம். மூத்த ஆடவரைச் சேட்டன் என்றும் பெண்ணைச் சேச்சி என்றும் அழைப்பது அங்குள்ள வழக்கம். முஸ்லிம்களாயின் இக்கா, இத்தா. முன்பின் அறியாதவரை நீ என்று ஒருமையில் விளிப்பதை அவர்கள் மிகவும் தாழ்வாகக் கருதுவர். மலையாளம் நமக்கு நெருங்கிய மொழி. அதனாலேயே சில சொற்கள் நம்மை ஏமாற்றும். அவர்கள் வெள்ளம் என்பது நாம் குடிக்கும் தண்ணீரை. சம்சாரம் என்பது பேச்சை. மதி என்றால் போதும் என்று பொருள். பட்டி என்பது நாயைக் குறிக்கும் வசைச்சொல்லாகவும் வழங்குவதால், நம் ஊர்ப் பெயரில் பட்டி இருந்தால் அவர்கள் புன்னகைக்கக் கூடும். மனத்தாங்கல் கொள்ள வேண்டாம். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த குமரி மாவட்டத்தாருக்கு இவை பழக்கமானவை. பிற மாவட்டத்து வாசகர்களுக்காகவே எழுதுகிறேன்.

இன்னொன்று. நம் முதியோர் பறங்கியர் என்று ஐரோப்பியரைக் குறிப்பிடுவது வழக்கம். அந்நகரில் ஐரோப்பியக் கலப்பு வழிவந்த குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. அவர்கள் இந்நாட்டு மக்கள். அவர்கள் காதுபட அச்சொல்லைப் பயன்படுத்துவது இழிவுபடுத்துவதாகும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

தொழுகை

தமிழகத்தின் எந்த ஊரிலிருந்தும் கொச்சி பயணத் தொலைவைத் தாண்டியதே. எனவே ஊர் எல்லையைக் கடந்தபின் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தோர் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழவும் செய்யலாம். ஹனஃபி மத்ஹபில் பயணத்துக்காக இவ்வாறு சேர்ப்பதில்லை, சுருக்குதல் மட்டுமே. தங்கும் நாட்கள் கூடினால் சட்டம் மாறும். வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க எண்ணினால் ஷாஃபிஈகளும், பதினைந்து நாட்கள் தங்க எண்ணினால் ஹனஃபிகளும் முழுமையாகத் தொழ வேண்டும். உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழும்போது அவரோடு முழுமையாகவே தொழ வேண்டும்.

அறையில் கிப்லாவை அறிய எளிய வழி உண்டு. சூரியன் மறையும் கடற்பக்கத்தை நோக்கி நின்று, வலப்புறமாகச் சற்றே திரும்பினால் போதும். கொச்சியில் கிப்லா மேற்கிலிருந்து சிறிது வடக்கே சாய்ந்துள்ளது.

கோட்டைக் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் பள்ளிவாசல்கள் பல உள. எல்லாவற்றிலும் பெண்கள் தொழ இடவசதி இருக்கும் என்று எண்ணிச் சென்று வாசலில் நிற்க நேரக்கூடாது. ஆடவர் ஒருவர் முன்சென்று விசாரித்து வருவது நன்று. இல்லையெனில் தங்குமிடத்தில் தொழுதுவிட்டுப் புறப்படுவதே வசதி. அங்குள்ள ஜமாஅத்தின் நடைமுறை நம் ஊர் நடைமுறையிலிருந்து சிறு விஷயங்களில் வேறுபட்டால், அங்கேயே நின்று சட்ட விவாதம் தொடங்க வேண்டாம். விருந்தினருக்கு அது அழகன்று.

மட்டாஞ்சேரியை அடுத்த கொச்சங்காடியில் செம்பிட்ட பள்ளி எனப்படும் பழமையான பள்ளிவாசல் உண்டு. கூரையில் வேய்ந்த செம்புத் தகடே அப்பெயருக்குக் காரணம். கொச்சியில் வாழும் நைனா குடும்பத்தார் தம் முன்னோர் நம் காயல்பட்டினத்திலிருந்து குடியேறியவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மரைக்காயர் குடும்பங்களின் கடல் வணிகம் கரையெங்கும் உறவை விரித்திருந்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பிறர் வழிபாட்டிடங்களில்

நகரின் முதன்மையான காட்சியிடம் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503இல் போர்த்துக்கீசியர் மரத்தால் கட்டிப் பின்னர்க் கல்லால் மாற்றியது. டச்சுக்காரர், ஆங்கிலேயர் கைகளுக்கு மாறி, இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் பொறுப்பில் உள்ளது. கயிறிழுத்து வீசும் பழைய பங்காக்கள் கூரையிலிருந்து தொங்குவதை இன்றும் காணலாம். சுவர்களில் டச்சுக்காரரின் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. அருகிலேயே சாந்தா குரூஸ் பேராலயம் இருக்கிறது. போர்த்துக்கீசியர் கட்டியதை ஆங்கிலேயர் இடித்துவிட்டமையால், இப்போதுள்ள கட்டடம் 1905இல் அர்ப்பணிக்கப்பட்டது.

இரண்டும் வழிபாடு நடைபெறும் இடங்கள். வெறும் காட்சிக்கூடங்கள் அல்ல. பள்ளிவாசலுக்குள் அயலார் எப்படி நடந்துகொள்ள வேண்டுமென நாம் விரும்புவோமோ, அப்படியே அங்கே நாம் நடந்துகொள்ளக் கடமைப்பட்டவர்கள். முழங்காலும் தோளும் மறையும் உடை நமக்கு எப்போதும் உரியதே. தொப்பியைப் பற்றி யாரேனும் கேட்டால் நம் வழக்கத்தைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம். அதன்பின்னும் கழற்ற வேண்டுமென்றால் வெளியே வந்துவிடலாம், வாதிட வேண்டாம். வழிபாடு நடக்கும்போது உள்ளே சுற்றித் திரியக்கூடாது. மண்டியிட்டுப் பிரார்த்திப்பவரைப் படம் எடுக்கக்கூடாது. இவ்விடங்களுக்குள் நுழைய மனம் ஒப்பாதவர்கள் நம் இல்லங்களில் உண்டு. அவர்களை வற்புறுத்தாமல் திடலின் மரநிழலில் இளைப்பாற விடுங்கள். அங்கிருந்தே கட்டடத்தைப் பார்க்கலாம்.

மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி சினகாக் எனும் யூதர் வழிபாட்டிடம் உள்ளது. சீனாவிலிருந்து வந்த, கையால் வரைந்த நீல ஓடுகள் அதன் தரையில் பதிக்கப்பட்டுள்ளன. காலணி கழற்றி நுழைய வேண்டும். படம் எடுப்பது பற்றிய அறிவிப்பை வாசலிலேயே படித்துக்கொள்க. கொடுங்கல்லூரை விட்டு ஓடிவந்த யூதர்களுக்குக் கொச்சி மன்னர் தம் அரண்மனையை ஒட்டியே நிலம் கொடுத்தார். அச்சமூகத்தார் ஏறக்குறைய எல்லோரும் 1948க்குப் பின் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். இன்று அங்கே உலக அரசியலைப் பேசிக் காவலரிடமோ பிற பயணிகளிடமோ சச்சரவு செய்வதால் யாருக்கும் பயனில்லை. அத்தெருவில் கடை வைத்திருப்போரில் நம்மவரும் பலர்.

அதனை ஒட்டியுள்ள மட்டாஞ்சேரி அரண்மனையைப் போர்த்துக்கீசியர் 1555 அளவில் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தனர். டச்சுக்காரர் புதுப்பித்தமையால் டச்சு அரண்மனை என்ற பெயரும் அதற்கு உண்டு. சுவரோவியங்கள் மங்காமலிருக்க வேண்டும் என்பதால் தொடுவதும் சாய்வதும் கூடா. வளாகத்துக்குள் உள்ள பகவதி கோயில் இந்துக்களுக்கு உரியது. அதன் எல்லைக்கு வெளியிலேயே நாம் நின்றுகொள்ள வேண்டும்.

அந்தக் கல்லறையின் முன்

புனித பிரான்சிஸ் தேவாலயத்தின் தரையில் ஒரு கல்லறை இருக்கிறது. 1524ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கொச்சியில் இறந்த வாஸ்கோடகாமா அங்கேதான் அடக்கப்பட்டார். 1539இல் அவருடைய எலும்புகள் போர்த்துக்கல்லுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. கல் மட்டும் எஞ்சியுள்ளது.

மதரஸாவில் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "உஸ்தாது, அந்த இடத்தில் நாம் எப்படி நிற்க வேண்டும்?" பாடநூலில் அவர் படித்தது கடல்வழி கண்ட வீரரை. வாப்பும்மா சொல்லக் கேட்டது வேறொருவரை. இரண்டும் ஒரே மனிதர் என்பது அவருக்குக் குழப்பமாக இருந்தது. கேள்வி நியாயமானது, நம் இல்லத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் விடை சொல்ல வேண்டியது.

நடந்தது இது. 1502இல் இரண்டாம் முறை வந்த வாஸ்கோடகாமா, மக்காவிலிருந்து கோழிக்கோட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மீரி என்னும் கப்பலை மலபார்க் கடலில் மறித்தார். அதில் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் இருந்தனர். பொருள்களைக் கவர்ந்துகொண்டபின் கப்பலுக்குத் தீ வைக்கப்பட்டது. இதனை நம்மவர் மட்டும் சொல்லவில்லை. அக்கப்பற்படையில் வந்தோரே எழுதிவைத்துள்ளனர். அதன்பின் பல்லாண்டுக்காலம் ஹஜ் பயணிகளின் கப்பல்களும் வணிகக் கப்பல்களும் அலைக்கழிக்கப்பட்டதைப் பொன்னானியைச் சேர்ந்த ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அவர்கள் துஹ்பத்துல் முஜாஹிதீன் என்னும் அரபு நூலில் பதிவு செய்தார்கள். கொச்சியில் வணிகராக இருந்ததாகச் சொல்லப்படும் குஞ்ஞாலி மரைக்காயர் குடும்பத்தார் சாமூதிரியின் கடற்படைத் தளபதிகளாகிப் போர்த்துக்கீசியரை எதிர்த்தனர். நான்காம் குஞ்ஞாலி 1600இல் பிடிபட்டுக் கோவாவில் கொல்லப்பட்டார்.

இவற்றை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் எங்கே, எப்படிச் சொல்வது என்பதில் கவனம் வேண்டும். அத்தேவாலயத்தில் இன்று தொழுவோர் அக்கப்பலுக்குத் தீ வைத்தவர்கள் அல்லர். அவ்வாலயமே கட்டியவர் கையை விட்டுப் போய் மூன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது. தந்தை செய்த குற்றத்துக்கு மகனைத் தண்டிப்பதையே நம் மார்க்கம் ஏற்பதில்லை. இனத்தாலும் நாட்டாலும் தொடர்பில்லாத ஒருவரிடம் ஐந்நூறு ஆண்டுப் பழியைத் தீர்க்க நினைப்பது எவ்வாறு தகும்? போர்த்துக்கீசியரின் கொடுமை யூதர்கள் மீதும் பாய்ந்தது. கேரளத்துப் பழைய சிரியன் கிறிஸ்தவர்களும் அவர்களுடைய திருச்சபைக் கெடுபிடிக்கு உள்ளானார்கள். 1653இல் மட்டாஞ்சேரியிலேயே கூடி அவர்கள் அதை எதிர்த்து உறுதிமொழி எடுத்தனர். ஆகவே, நம் துயரம் நமக்கு மட்டும் உரியதன்று.

அதனால் மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: உள்ளே அமைதியாகச் சென்று கல்லைப் பார்த்துவிட்டு அமைதியாக வெளியே வாருங்கள். முகத்தில் ஏளனமும் வேண்டாம், பெருமிதமும் வேண்டாம். அதன் அருகில் நின்று சிரித்தவாறு படம் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். திடலுக்கு வந்தபின் மரத்தடியில் அமர்ந்து, அந்தக் கப்பலில் இருந்தவர்களை நினைத்து அவர்களுக்காக துஆச் செய்யுங்கள். பிறகு வீரம் என்று நூல்கள் புகழ்வதன் மறுபக்கத்தில் யார் அழுதார்கள் என்று எப்போதும் கேட்டுப் பாருங்கள். நம்மவர் வீரத்தைப் படிக்கும்போதும் அக்கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

பெற்றோர் இதனை ஊரிலேயே, புறப்படுவதற்கு முன்பே சொல்லிவைத்தால் நல்லது. அங்கே போய்த் திடீரென்று கேட்கும் பிள்ளை உணர்ச்சிவசப்படும். முன்பே அறிந்த பிள்ளை கண்ணியமாக நிற்கும்.

கடலோரத்திலும் கடைத்தெருவிலும்

கடலும் காயலும் கூடும் முகத்துவாரத்தில் வரிசையாக நிற்பவை சீனவலைகள். சீன வணிகர் கொண்டுவந்தவை என்பர் சிலர். மக்காவிலிருந்த போர்த்துக்கீசியர் வழியாக வந்தவை என்பர் வேறு சிலர். (இது சீனக் கரையிலுள்ள மக்காவு நகரம், நம் புனித மக்கா அன்று.) கற்களைக் கட்டித் தொங்கவிட்ட எடையின் துணையால் நான்கைந்து பேர் கயிறிழுத்து வலையைத் தூக்கி இறக்குகின்றனர். அது அவர்களின் வயிற்றுப்பாடு. அழைப்பின்றி மேடையில் ஏறக்கூடாது, மரங்கள் வழுக்கும். கயிறிழுக்க அழைத்தால், பின்னர் ஏதேனும் எதிர்பார்ப்பர் என்பதை அறிந்தே செல்க. கொடுக்க விருப்பமில்லையாயின் புன்னகையுடன் மறுத்துவிடலாம். இழுத்துவிட்டுப் பேரம் பேசுவது அழகன்று.

அருகில் மீன் வாங்கினால் சமைத்தும் தருவர். எடை, விலை, சமையற்கூலி மூன்றையும் தனித்தனியே பேசி முடித்தபின்பே மீனைக் கையில் எடுக்க வேண்டும். இறைச்சி உண்ண மட்டாஞ்சேரிப் பக்கத்து முஸ்லிம் உணவகங்கள் ஏற்றவை. சுற்றுலாப் பயணிகளுக்கான உணவகங்கள் சிலவற்றில் மதுவும் பரிமாறுவர். அமர்வதற்கு முன் கேட்டுக்கொள்ளுதல் நலம். ஆட்டோக்காரரிடம் கூலியை முன்னரே உறுதி செய்க. வழியில் கடைகளில் நிறுத்துவதாயின் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுக.

கடற்கரை குளிப்பதற்கு உரியதன்று. கப்பல்கள் செல்லும் வழி, நீரோட்டம் கடுமை. பிள்ளைகளை நீர்விளிம்பில் தனியே விடாதீர்கள். வெளிநாட்டவர் பலர் நடமாடுவர். அவர்களுடைய உடையை உற்று நோக்குவதும், அனுமதியின்றி அவர்களோடு படம் எடுப்பதும் நம்மைத் தாழ்த்தும். பார்வையைப் பேணும் கட்டளை உள்ளூரில் மட்டும் செல்லுபடியாவது அன்று.

வேளி என்னும் பகுதியில் வண்ணார்களின் பொதுச் சலவைக்கூடம் உண்டு. டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே இன்றும் தொழில் செய்கின்றனர். அவர்களோடு தமிழில் பேசலாம். ஆனால் உழைப்பவரை வேடிக்கைப் பொருளாக்க வேண்டாம். முதலில் நலம் கேளுங்கள், படம் எடுக்க விரும்பினால் அனுமதி கேளுங்கள், கொடியில் காயும் துணியைத் தொடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டும் சொல்லித் தருகிறேன். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, பீப்பாய், ஏலம், மேஸ்திரி ஆகிய சொற்களெல்லாம் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தவை. நாம் குழம்பில் இடும் மிளகாயும், அன்னாசியும், பப்பாளியும், எங்கள் மாவட்டத்து ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் உடைத்துப் பிழைக்கும் முந்திரிக்கொட்டையும் அவர்கள் கப்பலில் வந்தவையே. தங்கும் வீட்டில் இவற்றுள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். துன்பம் செய்தவர் விட்டுச்சென்ற பொருளும் இன்று நம் அடுக்களையில் ரிஸ்காக இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தாமே உணர்வார்கள்.

புறப்படுமுன்

அடையாள அட்டைகள், குடை, குடிநீர்ப் புட்டி, ஒரு முஸல்லா, ஒளுவுக்குச் சிறு கிண்டி, முதியோரின் மருந்து ஆகியவற்றை மறவாதீர்கள். குப்பையைப் போட ஒரு பையும் கூடவே இருக்கட்டும்; கடலில் எறியும் ஒவ்வொரு நெகிழிப் பையும் சீனவலையில்தான் போய்ச் சிக்கும். கைப்பேசி எண்ணை எழுதிய சீட்டைச் சிறு பிள்ளைகளின் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள்.

தொப்பியும் தாடியும் முக்காடும் உள்ள குடும்பம் எங்கே சென்றாலும் தன்னை மட்டும் சுமந்து செல்வதில்லை. படகில் ஒருவர் இடம் விட்டுக்கொடுத்தால் முஸ்லிம்கள் நல்லவர்கள் என்பர்; ஒருவர் முண்டியடித்தால் முழுச் சமுதாயத்தையும் பழிப்பர். இது நியாயமா என்று கேட்பதற்கு முன், நாம் பிறரை அப்படி எடைபோடாமல் இருக்கிறோமா என்று பார்த்துக்கொள்வோம்.

முன்னோர் வணிகராகச் சென்ற ஊருக்கு நாம் விருந்தினராகச் சென்று, விருந்தினர் பேணும் ஒழுக்கத்தோடு திரும்பி வர அல்லாஹ் அருள்புரிவானாக. பயணம் செய்யும் எல்லாக் குடும்பங்களையும் அவன் பத்திரமாக இல்லம் சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.